பொன்னுத்தங்கம் வாசித்த கும்மி மெட்டு

பொன்னுத்தங்கத்துக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. தாடை இறுகும், அம்புட்டுதான். சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் அய்யாதுரையைக் கட்டிக்கொண்டு சாத்தூரிலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே வயலின் கற்க ஆசைப்பட்டாள். "கச்சேரிக்கா போகப் போற?" என்று அப்பா வாயை அடைத்தார். கல்யாணமான பிறகு கேட்டதற்கு, "பிள்ளை வளரட்டும்" என்றார் புருஷன். மகன் தருண்குமார் வளர்ந்து கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன மறுவாரமே, நாற்பத்து மூன்று வயதில், யாரிடமும் கேட்காமல் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு வயலினோடு திரும்பினாள்.

ஞாயிறுதோறும் விருதுநகரில் கோமதிநாயகம் சாரின் வகுப்பு. எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் இவள் ஒருத்தி மட்டும் சேலை மடித்து உட்கார்ந்திருப்பாள். பதிமூன்று மாதம், ஸ்வரங்களை ஏற்றி இறக்கும் ஆரம்பப் பாடமான சரளி வரிசையைத் தவிர வேறெதுவும் கிடையாது.

"ஒரு சின்னப் பாட்டாச்சும் சொல்லித் தாங்க சார்" என்று ஒருநாள் கேட்டாள்.

"இப்பப் பாட்டைத் தொட்டா கை கெட்டுப்போகும்மா. சொன்னதை வாசிங்க."

எதற்காக வாசிக்கிறோம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அச்சகத்து மாடி அறையில், மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஷின் நிற்கும் நேரத்தில் அவள் பயிற்சி செய்வாள். பத்து நிமிஷத்தில் வில்லைத் தூக்கி எறியத் தோன்றும். எறியாமல் இன்னும் பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள்.

காலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கும் மாரிச்செல்வி அச்சங்குளத்துக்காரி. ஒருநாள் தூக்குவாளியோடு மாடிக்கு வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்கிட மாட்டீகளே? ஒரு வருஷமா நீங்க வாசிக்கது யாரையோ திட்டுத மாதிரியே இருக்கு."

"திட்டத்தான் செய்யுதேன்" என்றாள் பொன்னுத்தங்கம்.

மாரிச்செல்வி இறங்கிப் போனதும் பொன்னுத்தங்கம் சரளி வரிசை நோட்டை மூடினாள். முளைப்பாரிக்கு ஊரில் அடிக்கும் கும்மி மெட்டு ஒன்று சின்ன வயசிலிருந்து காதில் கிடந்தது. அதைத் தேடினாள். பழகிய இடத்தில் விரல் வைத்தால் 'ரி' அழுதது. ஒரு விரற்கடை தள்ளி வைத்ததும் மெட்டு சட்டென்று பிடிபட்டது. கீழேயிருந்து மாரிச்செல்வி ஓடி வந்தாள்.

"அக்கா, அங்கன அப்படி இல்ல. ஏத்திப் பாடுவோம்!"

பாடிக் காட்டினாள். பொன்னுத்தங்கம் வில்லால் பின்தொடர்ந்தாள். மெஷின் ஓடத் தொடங்கியபோதுதான் சாப்பிடவில்லை என்பதே இருவருக்கும் உறைத்தது. அடுத்த இரண்டு மாதத்தில் கும்மி நாலு, தாலாட்டு ஒன்று. மணிக்கட்டு தானாக இளகிவிட்டிருந்தது.

அது சாரின் கண்ணுக்குத் தப்பவில்லை. "கை நல்லா வருதே, என்ன செஞ்சீங்க?" என்றார். அவள் வாசித்துக் காட்டினாள். முதலில் தாளம் போட்ட பிள்ளைகள் பிறகு கையே தட்டின. சாரின் முகம் கறுத்தது.

"கும்மி வாசிக்கவா வயலின்?" என்று அவள் கையிலிருந்த வில்லைப் பிடுங்கினார்.

பொன்னுத்தங்கத்தின் தாடை இறுகியது. "வில்லைக் குடுங்க சார். பதிமூணு மாசம் நீங்க சொன்னதை வாசிச்சேன். இந்தப் பிள்ளைக ஒண்ணாவது ஒருநாள் சிரிச்சு வாசிச்சுப் பாத்திருக்கீகளா? எங்க அப்பா ஒரு வார்த்தையில வாயை அடைச்சாரு. நீங்க வாரம் தவறாம அடைச்சீக."

அவர் வில்லைப் பாயில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

"பெரிய மனுஷரை எடுத்தெறிஞ்சு பேசிட்டு வந்திருக்கே" என்றார் அய்யாதுரை.

"எறியல. எடுத்துட்டு வந்துட்டேன்" என்று வில்லைத் துடைத்தாள்.

ஆவணியில் மாரிச்செல்வி ஒரு ஒப்பாரி மெட்டு கொண்டுவந்தாள். அதில் ஓரிடத்தில் மூன்றாவது விரல் வேகமாகப் போய்த் திரும்ப வேண்டும். எத்தனை தடவை வாசித்தும் தடுக்கியது. அந்த ஓரிடத்துக்காக, அந்த நாலு ஸ்வரத்தை மட்டும் தனியாக, முன்னும் பின்னுமாக மூன்று நாள் வாசித்தாள். சலிக்கவே இல்லை. நாலாம் நாள் விரல் போய்த் திரும்பியது. சரளி வரிசையும் இதே வேலைதானே என்று அப்போதுதான் பட்டது. பட்டதும், அதுவரை வராத கோபம் வந்தது. போனை எடுத்தாள்.

"சார், பொன்னுத்தங்கம் பேசுதேன். அந்தச் சரளி வரிசை எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. இதுக்குத்தான்னு ஒரு பாட்டுல வச்சுக் காட்டியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

"என்ன மெட்டும்மா அது?" என்றார் சார்.

சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "எங்க தகரம் அடிக்கிற பிள்ளைட்ட வந்து கேளுங்க" என்று போனை வைத்தாள். வில்லை எடுத்து, அந்த ஒப்பாரியை முதலிலிருந்து வாசித்தாள்.