சிவப்பு ட்ரேயில் உல்லன் இட்லி

சும்மா இருப்பது எனக்கு வராத வேலை. வல்லம் வடகாலில் நான் இருந்த கார் உதிரிபாகக் கம்பெனி ஒரு லைனை மூடியபோது, அதன் கடைசியில் நின்று பாகங்களை அளந்து சோதிக்கும் எங்களையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் புதிதாக வந்த யூனிட்டில் இன்டர்வியூ முடித்திருந்தேன். போன் பண்ணுகிறோம் என்றார்கள். அந்தப் போனுக்காகப் பிள்ளைப்பாக்கத்து வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். மாடி ஏறுவேன், இறங்குவேன், சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன். ரோட்டில் ஷிப்ட் பஸ் ஹாரன் கேட்டால் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

மனைவி செல்போன் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறவள். மகள் பால்வாடியிலிருந்து மத்தியானமே வந்துவிடுவாள். அவளுக்குத் துணை நான். அவள் விளையாடுவது எப்போதும் டிபன் கடைதான். கண்ணுக்குத் தெரியாத கஸ்டமர்கள் எல்லாரும் பஸ்ஸுக்கு அவசரமாக ஓடுகிறவர்கள். "சீக்கிரம் சாப்புடு, பஸ்ஸு வந்துரும்" என்று அவர்களை விரட்டுவாள். மாமன் வாங்கித் தந்த பிளாஸ்டிக் சமையல் செட்டில் பீட்சா, பர்கர் எல்லாம் இருந்தது, இட்லி மட்டும் இல்லை. கடை எப்படி நடக்கும்?

மனைவி ஆசையாக வாங்கி, ஒரே ஒரு பூவோடு கைவிட்ட குரோஷா ஊசியும் உல்லன் நூலும் பீரோவில் கிடந்தன. செல்போனில் வீடியோ பார்த்து நானே பின்ன ஆரம்பித்தேன். ஊசி முனையிலுள்ள கொக்கியால் நூலை இழுத்துக் கண்ணி கண்ணியாக வட்டம் சுற்ற வேண்டும், உள்ளே பழைய தலையணைப் பஞ்சை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் இட்லி பம்பரம் போலக் கூம்பி நின்றது. பூ கட்டவும் கற்றுக்கொள்ளேன் என்று எதிர்வீட்டு அண்ணன் கிண்டலடித்தார். கற்றுக்கொண்டால் உங்கள் கழுத்துக்குத்தான் முதல் மாலை என்றேன்.

ஆனால் பழகின புத்தி எங்கே போகும்? நன்றாக வந்த ஒரு இட்லியை மாஸ்டர் பீஸ் என்று தனியாக எடுத்து வைத்தேன். பிறகு பின்னியதையெல்லாம் அதோடு ஒப்பிட்டு, ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். பாஸானவை டிவிக்குப் பக்கத்து ஷோகேஸில் வரிசையாக ஏறின. அந்த வரிசை கலைந்தால் எனக்குப் பிடிக்காது. ஒரு கண்ணி கூடினாலும் சிவப்பு ட்ரேதான். கம்பெனியில் சிவப்பு ட்ரேக்குப் போன பாகம் லைனுக்குத் திரும்பாது, அதை யாரும் தொடவும் கூடாது. வீட்டிலும் அதே சட்டம் போட்டேன். சாயங்காலமானால் ட்ரேயில் இருப்பதைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றிவிடுவேன்.

ஷிப்ட் முடிந்து வந்த மனைவி இந்தக் கூத்தை வாசலிலேயே நின்று பார்த்தாள்.

"இன்னா நீ, வெளையாட்டு இட்லிக்குப் போயி ஸ்கேல் வச்சிகினு கீற? பாப்பா இன்னா ஆடிட்டுக்கா வருது?"

சுருக்கென்றது. தப்பு என்றால் தப்புதானே என்று முனகிவிட்டு மாடிக்குப் போனேன். அங்கேயும் போனைத்தான் பார்த்தேன்.

இட்லியோடு வடை, தோசையும் பின்ன ஆரம்பித்திருந்தேன். இதற்கு நடுவே ட்ரேயிலிருந்து ஒன்றிரண்டு காணாமல் போக ஆரம்பித்தன. காலையில் போட்ட ஓட்டையில்லாத வடை, பிரிக்க உட்காரும்போது இருக்காது. எலி வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் போன் வந்தது. பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். டெஸ்ட்டெல்லாம் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் சார், வயதுதான் கொஞ்சம் அதிகம், இந்த முறை சின்னப் பையன்களை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றான். சரிப்பா என்று வைத்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரம். அதை யாரிடம் காட்டுவது? சாயங்காலம்வரை பொறுக்காமல் சிவப்பு ட்ரேயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முடிச்சை வெட்டி இழுத்தால் இட்லி கண்ணெதிரே வெறும் நூலாகிவிடும். கூடமெல்லாம் பஞ்சு பறந்தது.

மகள் கடையை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

"பிரிக்காதப்பா. எங்கடைக்கு வோணும்."

ஷோகேஸில் அத்தனை நல்ல இட்லி இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றேன்.

"அத்தத் தொட்டா நீ கோச்சிக்குவ. இத்த நீதான் வாணான்னுட்ட. அதான் நான் எடுத்துக்கினேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பழைய டிபன் டப்பாவை இழுத்துத் திறந்து காட்டினாள். ஓட்டையில்லாத வடை, ஒரு பக்கம் சுருண்ட தோசை, அந்தப் பம்பர இட்லி எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றிலும் கைபட்ட அழுக்கு. ஷோகேஸில் இருந்தவை வைத்தது வைத்தபடி வெள்ளை வெளேரென்று இருந்தன. என் மகளுக்கென்று நான் பாஸ் பண்ணி வைத்ததில் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

கடைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் தட்டில் பம்பர இட்லியை வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"சீக்கிரம் சாப்புடு, பஸ்ஸு வந்துரும்."

"எனக்கு பஸ்ஸு இல்லம்மா."

கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப மெதுவா சாப்புடு" என்று சொல்லி இன்னொரு இட்லி வைத்தாள்.