சாஜிதா கேட்ட குளியலறை

திருவண்ணாமலையில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வீடு கட்ட என்னிடம் வந்த இரும்புக்கடை பாய், விபத்தில் கால்கள் செயலிழந்த தன் மகள் சாஜிதாவையும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்திருந்தார்.

“பாத்ரூமுக்கு மட்டும் நானே போய் வரணும் அண்ணா. அத்தா தூக்கிட்டுப் போறது கூச்சமா இருக்கு” என்றாள் அவள். வேறெதுவும் கேட்கவில்லை.

குளியலறையை நான் புதிதாக யோசித்து வரையவில்லை. கணினியில் பழைய வரைபடம் ஒன்றிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டி, கைப்பிடிக் கம்பிகளை மட்டும் சேர்த்தேன். முப்பரிமாணப் படமாகக் காட்டியபோது அவள் திரையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அவள் மகிழ்ந்த மகிழ்ச்சியில் கதவின் அகலத்தை நான் கவனிக்கவில்லை.

குடிபுகுந்த அன்று, தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள். குளியலறை வாசற்காலில் சக்கரங்கள் இடித்தன. பின்வாங்கி மறுபடி முயன்றாள். மூன்றாம் முறை விரல் நசுங்கியது.

அவசரமாக அளந்தேன். கதவின் அகலம் இரண்டு அங்குலம் குறைவாக இருந்தது.

“இடிச்சு அகலமாக்கிடலாம் பாய்” என்றேன்.

“முடியாதுங்க. இந்தப் பக்கம் பில்லரு, அந்தப் பக்கம் மூலைச்சுவரு” என்றார் வீட்டைக் கட்டிய மேஸ்திரி.

சாஜிதா என்னைப் பார்க்கவே இல்லை. “அத்தா, தூக்குங்க” என்று கண்களை மூடிக்கொண்டாள். பாய் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சில மாதங்கள் கழித்து, குளியலறையின் வேறு சுவரை இடித்து அகலமான கதவு வைத்தோம். “இப்ப போய்ப் பாரும்மா” என்றேன்.

“அத்தா வரட்டும் அண்ணா” என்றாள்.

சுவரைத் திருத்த முடிந்தது. அவளுடைய ஆசையை நான்தான் உடைத்தேன். அதைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை.