படத்துக்குப் பின்னால் இருந்த மாத்திரை

என் கணவர் இன்னொரு பிள்ளை வேண்டி மூன்று தைப்பூசங்களுக்குக் காவடி எடுத்தார். அந்தப் பிள்ளை வந்துவிடாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

சொல்லிவிட்டேன்! உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறீர்களா... சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நாங்கள் இருவரும் பால் மரம் வெட்டி, ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். செல்வி எங்கள் ஒரே மகள். மாதம் ஒருமுறை டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஒரு வேன் வரும். அதில் வரும் நர்ஸம்மாவை நாங்கள் மிஸ்ஸி என்போம். கருத்தடை மாத்திரை கொடுப்பார். விலை ஒரு கோப்பி குடிக்கும் காசுதான்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அவருதான் அனுப்புனாரு மிஸ்ஸி" என்றேன். கண்ணைக்கூட இமைக்கவில்லை!

உடம்புக்கு முடியவில்லை, அதனால்தான் என்று உங்களிடம் கதை அளக்கலாம். அளக்க மாட்டேன். கல்லைப் போல் இருந்தேன். என் அம்மா எட்டுப் பெற்றார். மூத்தவளான நான் மற்ற ஏழு பேரையும் இடுப்பில் தூக்கித் திரிந்தேன். அம்மா காலத்தில் அந்த வேன் வந்ததில்லை. கழுத்தில் தாலி ஏறும் முன்பே எனக்குப் பிள்ளை வளர்த்து அலுத்துவிட்டது. செல்வி ஒருத்தி போதும் என்றது மனம். வேறு காரணம் இல்லை... வேறு காரணம் இருந்துதான் ஆக வேண்டுமா?

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் ஒரு பொருளை ஒளிக்க இடம் ஏது? சாமிப் பலகையில் முருகன் படம் இருந்தது. அதற்குப் பின்னால் வைத்தேன். விளக்கேற்றுவதும் படம் துடைப்பதும் என் வேலை. இவர் கும்பிடுவதோடு சரி. மாதவிலக்கு நாட்களில் நான் படத்தண்டை போகக் கூடாது. அந்த நாட்களில் மாத்திரையும் கிடையாது. எவ்வளவு வசதி பாருங்கள்! முருகனுக்குத் தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. என் கணவருக்குத்தான் தெரியாது.

அவரோ அதே படத்தின் முன் நின்று, கண்களை மூடிக்கொண்டு, பிள்ளை வரம் கேட்டார்.

ஒரு மாலை தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான்தான் ஏதோ குத்தம் பண்ணிட்டேன் போல. ஈப்போ கோயில்ல காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன், புள்ள."

அப்போதாவது நான் வாய் திறந்திருக்க வேண்டாமா?

அவர் கை ஓங்கும் மனிதர் அல்லர். குடித்துவிட்டு வந்து சட்டியை உடைப்பவரும் அல்லர். எடுத்துச் சொல்லியிருந்தால், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் 'சரி, உன் இஷ்டம்' என்றிருப்பார். இன்று அப்படித்தான் தோன்றுகிறது. அதுதான் என்னைக் குத்துகிறது! மாத்திரை விழுங்கியதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. அவர் சரி என்று சொல்லக்கூடிய வாய்ப்பைக் கொடுக்காமல், அவர் முதுகில் கொக்கிகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே... அதற்குத்தான் இந்த வாக்குமூலம்.

மூன்றாம் வருடம் வெயில் கொளுத்தியது. தார் ரோட்டில் அவர் பாதம் கொப்பளித்துவிட்டது. கோயிலடியில் உட்கார வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அழுதேன். பக்தியில் அழுகிறேன் என்று சுற்றி நின்ற பெண்கள் நினைத்தார்கள்.

"அழுவாத லா. வலிக்கல" என்றார் அவர். பிறகு சிரித்தார். "போதும். ஒண்ணே போதும்னு முருகன் சொல்லிட்டாரு. நம்ம செல்விய நல்லா படிக்க வைப்போம்."

முருகன் எங்கே சொன்னார்? நான் அல்லவா சொன்னேன்!

அதன்பிறகு எங்களுக்கு நல்ல காலம்தான். மறைக்காமல் சொல்கிறேன், நான் மகிழ்ச்சியாக வாழ்ந்தவள். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தோம். அவர் லாரி ஓட்டினார். நான் சப்பாத்துத் தொழிற்சாலையில் காலணி தைத்தேன். செல்வி படித்து ஆசிரியை ஆனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் இவரும் மார்க்கெட்டுக்குப் போய், மீன் வாங்கி, வழியெல்லாம் வம்பளந்துகொண்டு திரும்புவோம். தோட்டத்தில் என்னுடன் மரம் வெட்டிய பெண்களில் எத்தனை பேருக்கு இது வாய்த்தது? அந்தச் சின்ன மாத்திரை கொடுத்த வாழ்க்கை இது. மீண்டும் பிறந்தாலும் விழுங்குவேன்.

எண்பதுகள் முடியப் போகின்றன. செல்விக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். போன மாதம் வந்தவள் சமையலறையில் என் காதோடு சொன்னாள்.

"இப்பதிக்குப் புள்ள வேணாம்னு மாத்திரை எடுக்கறேம்மா. அவருக்குத் தெரியும், ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வருத்தப்படுவாரு."

பேசி முடிவு பண்ணினார்களாம்! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்... எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"நீங்க எப்படிம்மா என்னோட நிறுத்துனீங்க?"

"அது தானா நின்னு போச்சு" என்றேன். பெற்ற மகளிடமும் பொய்!

அன்று சாப்பாட்டின்போது இவர் அறிவித்தார். "பேரப்புள்ளைக்காக இந்தத் தைப்பூசத்துக்கு மறுபடியும் தூக்கப் போறேன்." செல்வி என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். "இந்த வயசுல எதுக்குங்க, முட்டி வலி வேற" என்று மட்டும் சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஐம்பதைத் தாண்டிய மனிதர். இப்போது விரதத்தில் இருக்கிறார். தரையில் பாய் போட்டுப் படுக்கிறார். நான் மீன் சட்டியை எடுத்து வைத்துவிட்டு, மரக்கறி சமைத்துப் போடுகிறேன். இம்முறை சொன்னால் என் மகளின் ரகசியமும் சேர்ந்து உடையும். அதனால்தான் சொல்லவில்லையா? அல்லது பழகிவிட்டதா? நீங்களே சொல்லுங்கள்... எனக்குத் தெரியவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. அதே படத்தைத் துடைத்து விளக்கேற்றினேன். பின்னால் இப்போது சுவர் மட்டும்தான். அவர் வந்து பக்கத்தில் நின்று கும்பிட்டார்.

"அப்ப மூணு வருஷம் கேட்டேன், குடுக்கல" என்றார். "இந்தத் தடவயாச்சும் குடுப்பாரா, புள்ள?"

"குடுப்பாருங்க" என்றேன்.

நம்பிவிட்டார்.