வாற வழியில் இருப்பவன்

குருநகர்ப் பக்கத்துச் சேமக்காலையில் சவக்குழி வெட்டிய அந்த மனிதரின் பெயரை நான் கேட்டதில்லை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நகங்களுக்குள் எந்நேரமும் வெள்ளை மணல். குழி வெட்டி முடிந்ததும் உள்ளே இறங்கி, கிழக்கே கால் நீட்டி, ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் படுத்திருப்பார். உயிர்ப்பு நாளில் எழும்புகிறவருக்கு இடம் வசதியாக இருக்கவேண்டுமாம்.

கடலில் துப்பாக்கிச் சூடு விழுந்த நாட்களில் மீன்பிடித் தொழிலுக்குப் போன என் அண்ணன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆறு மாதம் பார்த்திருந்துவிட்டு, அவனுடைய சேட்டு ஒன்றையும் செபமாலையையும் பெட்டியில் வைத்து அடக்கம் செய்யக் கொண்டுபோனோம். அன்று அந்த மனிதர் குழிக்குள் படுக்கவில்லை.

"ஏன் அண்ணை படுக்கேல்லை?" என்று கேட்டேன்.

"மற்றவை வந்து சேர்ந்த ஆக்கள், தம்பி. உவன் இன்னும் வாற வழியிலை. வந்து பாக்கேக்கை வேறை ஆள் படுத்த சூடு இருந்தால் திரும்பிப் போயிடுவான்."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த ஆடியில் அண்ணனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு, அம்மாவும் நானும் சேமக்காலைக்குப் போனோம். பல நாளாக மழையில்லை. மற்றக் கல்லறைகள் காய்ந்து கிடக்க, அண்ணனின் மணல்மேட்டில் மட்டும் ஓராள் நீளத்துக்கு ஈரம்.

"நீங்கள் படுத்தனீங்களோ?" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "நான் படுத்தால் ஈரம் வருமே, தம்பி?"

அம்மா மெழுகுதிரியைத் தலைமாட்டில் ஊன்றப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி ஊன்றவைத்தேன். அந்த மனிதர் தலையாட்டினார். மெழுகு அவன் முகத்தில் சொட்டிவிடும் என்பது அவருக்கும் எனக்கும்தான் தெரிந்திருந்தது.