பலாப்பழம் கொடுக்கச் சொன்ன கம்பவுண்டர்

அறுபதுகளின் தொடக்கத்தில், கொல்லிமலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்தபோது, குண்டனி நாடு என்கிற மலைக்கிராமப் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். டாக்டர் மாதம் இரண்டு முறை மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர் என்று எனக்கே ஒரு நினைப்பு.

பாறை உடைக்க அடிவாரத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமசாமி. நாற்பதைத் தாண்டியவர். சளியைக் கீழே அனுப்பிப் பார்த்ததில் டி.பி. என்று வந்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரை. ஊசி போட்டதோடு நான் நிறுத்தியிருக்கலாம். டி.பி.க்குச் சாப்பாடுதான் பாதி மருந்து, சத்தாகக் கொடுங்கள் என்று அவர் மனைவி பழனியம்மாளிடம் உபதேசமும் செய்தேன். எல்லா நோயாளிக்கும் நான் ஒப்பிக்கிற பாட்டு அது. பலா சீசன் வேறு. பழம், தேன், தினைமாவு என்று பட்டியலும் போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா மலைக்காரர்களின் மிளகுக் காட்டில் களை வெட்டி, கூலியைப் பழமாகவும் தேனாகவும் வாங்கிவந்து ஊட்டினார்.

ஒன்றரை மாதம் ஆகியும் ஆள் தேறவில்லை. எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்று எனக்குச் சந்தேகம். நாலு பேர் முன்னால் கடுமையாகப் பேசிவிட்டேன். அவர் நேராக மிளகுக் காட்டுக்கு வேலைக்குப் போனார்.

காலில் கல் விழுந்து கட்டுப்போட வந்த மேஸ்திரி, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார்.

"ஏனுங்க, ராமசாமி பானைத் தண்ணியவும் ஒருத்தனே குடிச்சர்றான். அவன் ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குதுங்க."

சிறுநீரில் சர்க்கரை பார்க்கக் கர்ப்பிணிகளுக்காக வைத்திருந்த பெனடிக்ட் கரைசலை எடுத்து, ராமசாமியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, நிறையச் சர்க்கரை என்று காட்டும் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சர்க்கரை வியாதி இருந்தால் டி.பி. லேசில் அடங்காது என்பது படித்த பாடம்தான். உட்கார்ந்து தின்கிறவர்களுக்கு வருகிற வியாதி கல் உடைக்கிறவருக்கு எங்கே வரப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

அன்றே டோலி கட்டி அவரை அடிவாரத்துக்கு இறக்கி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இன்சுலின் போட்டார்கள். பத்தாம் நாள் இறந்துபோனார்.

கொட்டகையில் கிடந்த சாமான்களை எடுக்கப் பழனியம்மாள் மலையேறி வந்தார். போகிறபோது டிஸ்பென்சரிக்கு வந்து கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் குடுத்திருந்தாப் பொழச்சிருப்பாருங்களா?"

உங்கள் மேல் தப்பில்லை, கொடுக்கச் சொன்ன என்மேல்தான் என்று சொல்லி, சர்க்கரை என்ன செய்தது என்பதையும் விளக்கினேன்.

"அன்னிக்கு நீங்க வைஞ்சதுல இருந்து ரெண்டு பங்காக் குடுத்தேனுங்க" என்றார்.

அவர் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கிப்போனார்.

அதன்பிறகு இருமல் என்று யார் வந்தாலும், சளிப் பரிசோதனைக்கு எழுதும்போதே சிறுநீரையும் காய்ச்சிப் பார்த்துவிடுவேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களிடமும் அதைத்தான் முதலில் சொன்னேன். ஐந்து நிமிஷ வேலை. ராமசாமிக்கு முதல் நாளே செய்திருக்கலாம்.