ஓடாத லேத்துக்குச் சந்தனம்

நெயில் பாலிஷ் வாசனை வந்தால் எனக்குக் குமட்டும். கல்யாண வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்து விரல் விரலாகப் பூசிக்கொண்டிருப்பார்கள், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். "என்ன, விசேஷமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். விசேஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிளஸ் டூவில் நான் மெக்கானிக்கல் குரூப் படித்தவள், அதுதான் காரணம்.

சங்ககிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் எங்கள் பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். பத்தாவது வரைக்கும் டைம்டேபிளில் ஓவியம், தையல், பாட்டு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். அந்த நேரம் வந்தால் கணக்கு சார்தான் உள்ளே வருவார். ஓவிய சார் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மற்றவர்களுடைய மார்க் ரிஜிஸ்டருக்கெல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். படம் சொல்லித்தர வந்த மனுசன், பாவம். ஆகவே பிளஸ் ஒன்னில் தொழில் பிரிவு இருக்கிறது, பாதி நேரம் ஒர்க்ஷாப்தான் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லேத் என்றால், அதான் இரும்பைக் கடைகிற மிஷின், எனக்கு ஒரு கிறுக்கு. அப்பா லாரி டிரைவர், சொந்த வண்டி. சின்ன வயதில் லாரி ஸ்டாண்டுக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். வழியில் லேத் பட்டறை ஒன்று உண்டு. இரும்பு சுற்றிக்கொண்டே தோல் உரிந்து சுருள் சுருளாக விழும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் தூக்குச்சட்டியில் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாது.

மெக்கானிக்கல் எடுக்கிறேன் என்றதும் வீட்டில் ரகளை. பொம்பளைப் புள்ளைக்கு ஸ்பேனர் எதுக்கு, காமர்ஸ் பத்தாதா என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குப் பேசினார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி சாமி, படி. ஆனா ஒண்ணு, நெசமாலுமே கத்துக்கோணும். கத்துக்கிட்டீன்னா பாலிடெக்னிக்ல நானே சேத்தி உடறேன். பேருக்குப் படிக்கறதுன்னா பிளஸ் டூவோட போதும், மாப்பிள்ளை பாத்தர்லாம்."

"கத்துக்குவேனுங்ப்பா," என்றேன்.

ஒர்க்ஷாப் என்றது ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட். எப்போதும் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நடுவில் தார்ப்பாய் மூடிய லேத் தெரியும். எங்கள் குரூப் மாஸ்டரிடம் கேட்டால், "புது மிஷின் புள்ள, ஆளாளுக்குத் தொட்டாக் கெட்டுப் போயிரும்" என்பார். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த புது மிஷின்! வேப்பமரத்தடியில் உட்கார வைத்து லேத்தின் பாகங்களைப் படம் வரையச் சொல்வார். போன வருடத்துப் பசங்களின் ரெக்கார்டைப் பார்த்து வரைவோம். அவர்கள் அதற்கு முந்தின வருடத்தைப் பார்த்து வரைந்தது. ஒரு ரெக்கார்டில் கைப்பிடி ஒன்று விட்டுப்போயிருந்தது, பிறகு எல்லார் லேத்திலும் அந்தக் கைப்பிடி இல்லை.

அப்பா லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னைக்கு லேத் ஓட்டுனியா சாமி?"

முதல் தடவை, "அடுத்த வாரம் உடுவாங்களாமுங்ப்பா" என்றேன். நாலைந்து தடவை அப்படியே சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆக ஆரம்பித்தது. அதற்கடுத்த தடவை, "ஓட்டுனேனுங்ப்பா" என்றேன். மனுசனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்குப் பரோட்டா வாங்கி வந்தார். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை, வாரத்துக்கு ஒரு பொய்.

ஷெட்டைத் திறப்பது வருடத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூஜைக்கு. தார்ப்பாயை எடுப்பார்கள், எலிப் புழுக்கை கொட்டும். மூத்திர நாற்றம் மூக்கைப் பிடுங்கும். அதன்மேலேயே ஒரு குண்டான் சந்தனத்தைக் கரைத்து, பளபளப்பாக இருக்க வேண்டிய பெட்டின் மேல், அதாவது மிஷின் நெடுக ஓடுகிற இரும்புத் தளத்தின் மேல், குறுக்கே மூன்று பட்டை இழுப்பார் மாஸ்டர். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் ஈரச் சந்தனம், அதே இடத்தில் எலுமிச்சம்பழச் சாறு. மூன்று பட்டைக்குக் கீழேயும் இரும்பு புண்ணாகிப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. பட்டறைக்காரன் எவனும் இதைச் செய்யமாட்டான். அவன் தலைப்பக்கம் மூடியில் ஒரு பொட்டு வைப்பான், பெட்டுக்கு எண்ணெய் போடுவான். ஓட்டுகிறவனுக்குத் தெரியும், கும்பிட மட்டும் செய்கிறவனுக்கு என்ன தெரியும்?

பிளஸ் டூ படித்த வருடம் கீழே துடைக்கச் சொல்லி என்னை விட்டார்கள். குனிந்து பார்த்தேன். மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைதான் இருந்தது. உள்ளே எலிக்கூடு.

"சார், மோட்டாரே இல்லைங்களே!"

"ரீவைண்டிங் போயிருக்குது. நீ பொரியைக் குடு எல்லார்த்துக்கும்."

என்ன ரீவைண்டிங்கோ, எத்தனை வருடமோ. சாருடைய தோட்டத்துக் கிணற்றில் அது தண்ணீர் இறைக்கிறது என்று பசங்கள் பேசிக்கொள்வார்கள். நிஜமோ பொய்யோ எனக்குத் தெரியாது. நான் பொரியைக் கொடுத்தேன். வாங்கித் தின்னவும் தின்றேன், தூ.

பிராக்டிகல் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்து நெயில் பாலிஷ் கொண்டுவரச் சொன்னார். விஷயம் இதுதான். பரீட்சையில் ஒவ்வொருவரும் ஒரு இரும்புத் துண்டைக் கடைந்து காட்ட வேண்டும். கடைந்த துண்டுகள் ஒரு சாக்கில் கட்டி ஸ்டாஃப் ரூம் பீரோவுக்கு அடியில் தயாராக இருந்தன. வருடா வருடம் அதே துண்டுகள்தான். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துருவைத் தேய்த்து, அந்தந்த வருடத்துப் பசங்களின் பரீட்சை நம்பரை நெயில் பாலிஷால் எழுதிவிட வேண்டியது. பொம்பளைப் புள்ளை கையெழுத்து அழகாக இருக்கும் என்று அந்த வேலை எனக்கு. மண்ணெண்ணெயும் பாலிஷும் கலந்த நாற்றத்தில் உட்கார்ந்து எல்லார் நம்பரையும் எழுதினேன். சில துண்டுகளில் பழைய பாலிஷ் போகவே இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வருடத்துச் சிவப்பு.

பரீட்சைக்கு வந்த எக்சாமினர் பூட்டிக் கிடந்த ஷெட் பக்கமே திரும்பவில்லை. பிரியாணி வந்துவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். என் துண்டைக் கையில் உருட்டி, "நீயா கடைஞ்சே?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்." தொண்டையில் ஒரு தடங்கலும் இல்லை. வீட்டில்தான் ஒன்றரை வருடமாகப் பழகியிருந்தேனே.

"வெரி குட்," என்று முழு மார்க் போட்டார். எல்லாருக்கும் முழு மார்க்தான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய், எக்சாமினர் வெரி குட் சொன்னார் என்று பீற்றிக்கொண்டேன். அப்பா மறுநாள் காலையில் துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் இரும்பு முளை உட்காருகிற புஷ், ஒரு விரல் நீளத்துக்குக் கன்மெட்டல் என்கிற வெண்கலக் குழாய். தேய்ந்து போயிருந்தது.

"இதே அளவுல ஒண்ணு கடைஞ்சு குடு சாமி. கடைல ரெடிமேடா கெடைக்கும், இல்லீங்கல. எம்புள்ள கையால கடைஞ்சது என் வண்டில ஓடோணும்."

அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான். 'எனக்கு லேத் ஓட்டத் தெரியாதுங்ப்பா.' சொல்லவில்லை. துணியோடு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, நேராக அந்தப் பழைய லேத் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்கார அண்ணன் யூனிஃபார்மைப் பார்த்ததும் சிரித்தார். "அட, அந்த ஸ்கூலா? உங்க பரீட்சைத் துண்டெல்லாம் ஆரு கடைஞ்சதுன்னு நெனச்சே? நாந்தான் கண்ணு. எத்தனையோ வருசம் ஆச்சு, இன்னுமா அந்தத் துண்டையே வெச்சு ஓட்டறாங்க?" என்றார். பிறகு மிஷினைக் காட்டி, "மெக்கானிக்கல்தான படிக்கறே? வா, நீயே கடைஞ்சுக்க. நாஞ் சும்மா நிக்கறேன்" என்று ஒதுங்கி நின்றார்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விட்டார். நான் மிஷின் முன்னால் போய் நின்றேன். ரெக்கார்டில் எத்தனையோ தடவை வரைந்த மிஷின். அதில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் வரைந்த படத்தில் சுவிட்சே கிடையாது. கை தன்பாட்டுக்கு மேலே போய்த் தலைப்பக்கத்து மூடியைத் தொட்டது, பொட்டு வைக்கிற இடத்தை. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நவுரு கண்ணு" என்று சொல்லி அவரே கடைந்து கொடுத்தார். காசு கொடுத்தபோது கையை மடக்கித் திருப்பிவிட்டார்.

அப்பாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "ஒரு பிசிறு இல்லையே!" என்றார். வண்டியில் மாட்டினார். ஸ்டாண்டில் இருந்த டிரைவர், கிளீனர், டீக்கடைக்காரர் என்று ஒருத்தரை விடாமல் சொல்லித் தீர்த்தார். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "ஏம்மா, தொப்பூர் மலை இறக்கத்துல உங்கப்பன் உம்பேரைச் சொல்லித்தான் எறங்கறான்" என்றார்கள். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மாஸ்டரைத் திட்டக்கூட அப்புறம் வாய் வரவில்லை, அவர் செய்ததைத்தானே நானும் செய்திருந்தேன்.

ரிசல்ட் வந்ததும் சொன்ன வார்த்தை தவறாமல் பாலிடெக்னிக் விண்ணப்பத்தை வாங்கி வந்தார் அப்பா. அங்கே நிஜமான லேத் இருக்கும், சுவிட்சைப் போடச் சொல்வார்கள். பயந்துபோய் நானே வேண்டாம் என்றேன். எனக்கு அதில் இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இப்பிடிக் கை வெச்சிருக்கற புள்ள" என்று பல நாள் புலம்பினார். இன்றைக்கு ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இப்போது வண்டி ஓட்டுவதில்லை. அந்த வண்டியை விற்கிற அன்று புஷ்ஷை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது சாமி அலமாரியில் இருக்கிறது. போன ஆயுத பூஜைக்கு நான் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, தட்டில் வெற்றிலைமேல் வைத்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"நீ கடைஞ்சது. நீயே வெய்யி சாமி."

வைத்தேன். அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார்.