லிப்ட்காரர் வீட்டுக் குட்டி ஆரஞ்சு

லிப்ட் பழுது பார்க்கும் அவருக்கு மூடியிருக்கிற எதையும் சும்மா விட மனசு வராது. ரேடியோ, மிக்சி, பூட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்த்துவிடுவார். பெரும்பாலும் திருப்பி மாட்டியும் விடுவார். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிப்ட்காரர்தான்.

அவர் வேலைக்குப் போன கட்டடத்தில் ஓர் அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது. லிப்ட் வாசலில் ஒரு தொட்டி. அதில் இடுப்பளவு மரம், கோலிக்குண்டு அளவில் ஆரஞ்சுப் பழங்கள்.

"வேணும்னா எடுத்துட்டுப் போங்க சார். பழத்தை மட்டும் சாப்பிட்டுடாதீங்க, அது அழகுக்கு வெச்சது" என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

"சாப்பிட்டா என்ன ஆகும்?"

"தெரியல சார். யாரும் சாப்பிட்டதில்ல."

அவருக்கு அது போதும். தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினில் இருந்து தலை நிமிர்த்திப் பார்த்தாள். "இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள். அன்று வந்திருந்த அவளுடைய தம்பி பயந்த சுபாவம். "மாமா, மருந்து அடிச்சிருப்பாங்க. வாயில வெச்சுடாதீங்க" என்றான்.

செடி விற்பவரைக் கேட்டார். மைத்துனன் சொன்னது சரிதான். இருக்கிற பழங்களைப் பறித்துப் போட்டுவிட்டு அடுத்த காய்ப்பு வரை பொறுக்கச் சொன்னார் செடிக்காரர். அழகழகான பழங்கள் குப்பைக்குப் போனதில் மனைவிக்குத்தான் வருத்தம்.

பால்கனியில் மரம் பூத்தது. அறையெல்லாம் வாசனை. ஆனால் பூக்கள் உதிர்ந்தனவே தவிர ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. லிப்ட்காரர் மரத்தடியில் குத்துக்கால் இட்டு யோசித்தார். புறாவுக்காகக் கட்டிய பொடிக்கண் வலை கண்ணில் பட்டது. புறா என்ன, அந்தக் கண்ணில் தேனீகூட நுழைய முடியாதே.

வலையை அவிழ்க்க மனைவி விடமாட்டாள். அதனால் அடுத்த முறை பூத்தபோது மெல்லிய பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்து, தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் பூவுக்குப் பூ தடவினார்.

"நல்லாத்தான் இருக்கு, தேனீ வேலை" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் அவர் போன பிறகு, விரிந்த மற்ற பூக்களை அதே பிரஷால் அவளும் தடவியிருக்கிறாள். இதை அவள் வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

பிஞ்சு நின்றது, காயானது, பழுத்தது. முதல் பழத்தை அவர் உரித்து வாயில் போட்டார். புளிப்பில் முகம் கோணிப்போனது. மனைவி ஒன்றைத் தோலோடு கடித்தாள்.

"தோலை ஏங்க தூக்கிப் போட்டீங்க? இனிப்பே அதுலதான் இருக்கு."

அதுவரை அடுப்படிப் பக்கமே போகாதவர் அன்று உள்ளே நுழைந்தார். பழங்களை நறுக்கிச் சர்க்கரை போட்டு ஜாம் காய்ச்சினார். நாக்கில் வைக்க முடியாத கசப்பு.

"விட்டுடுங்களேன்."

"எது கசக்குதுன்னு தெரியாம எப்படி விடுறது?"

மெஷினைக் கழற்றுவதுபோலப் பழத்தைப் பிரித்தார். தோல் தனியே, சாறு தனியே, விதை தனியே மூன்று கிண்ணங்களில் கொதித்தன. மூன்றையும் இருவரும் கரண்டியில் தொட்டு ருசித்தார்கள். விதைத் தண்ணீரில் மனைவிக்கு உடம்பே சிலிர்த்தது. கசப்புக்குக் காரணமான ஆள் அகப்பட்டுவிட்டான்.

விதை நீக்கிக் காய்ச்சிய ஜாம் பொன் நிறத்தில் வந்தது. மைத்துனன் முதலில் நுனி விரலால் தொட்டான், அப்புறம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டான். அவர் பொரித்த மீனுக்கும் அந்தப் பழச் சாறுதான் என்று ஆனது. மீன் மட்டும் இனி மாமாதான் பொரிக்க வேண்டும் என்று தம்பி சொன்னபோது அக்கா மறுக்கவில்லை.

மரம் மறுபடி பூத்திருக்கும் ஒரு காலை. மனைவி பால்கனியில் இருந்து, உதிர்ந்த பூக்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, இதைத் தேத்தண்ணியில போட்டா எப்படி இருக்கும்?"

அவருக்குத் தெரியவில்லை. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.